பருவக் கட்டணம்

அந்த அட்டவணையில் ஏழு பத்திகள் இருந்தன. நாடு, பல்கலைக்கழகம், பட்டத்தின் பெயர், படிப்புக் காலம், பருவக் கட்டணம், பிற கட்டணங்கள், குறிப்பு. இரண்டு தாள்களை ஒட்டி, அடிக்கோல் வைத்துக் கோடிட்டு, என் கையெழுத்திலேயே எழுதினேன். முடிக்கப் பதினாறு நாள்கள் ஆயின. கல்லூரித் தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நான் இத்துணை உழைத்து எழுதியது வேறொன்றும் இல்லை. இத்துணைக் களைத்ததும் வேறெதனாலும் இல்லை.

கேட்டவள் என் மருமகள். ஒரகடத்தில் மகிழுந்து உதிரிப்பொருள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பண்டகப் பிரிவில் பணியாற்றுகிறாள். வெளிநாட்டார் நிறுவனம். காலை ஐந்தரைக்கு நிறுவனப் பேருந்து ஐயம்பேட்டை நிறுத்தத்துக்கு வந்துவிடும். மாலை அவள் இறங்கி வீடு வரும்போது தெருவில் விளக்கு எரியும். என் மகனுக்கு ஓசூரில் வேலை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து ஒரு நாள் உறங்கிவிட்டுப் போவான். ஆகவே வீட்டில் நாங்கள் மூவர்: நான், என் துணைவி, மருமகள்.

அந்தப் பிரிவின் துணை மேலாளர் செய்ய வேண்டிய வேலையை ஆறு ஆண்டுகளாக அவளே செய்துவந்தாள். அவளுக்குப் பின் சேர்ந்தவர்கள் இருமுறை அவளுக்கு மேலே அமர்த்தப்பட்டார்கள். இருமுறையும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: அவளிடம் வணிக மேலாண்மைப் பட்டம் இல்லை. மூன்றாம் முறை அவ்விடம் ஒழியப்போகிறது என்ற செய்தியோடு ஒரு மாலை வந்தாள்.

"எந்த நாட்டு யுனிவர்சிட்டியா இருந்தாலும் ஓகேவாம் மாமா. டிஸ்டன்ஸ்லயே படிக்கலாமாம். சேந்து ஃபீஸ் கட்டுன ரெசிப்ட் மட்டும் ஜூன் எண்டுக்குள்ள குடுத்தா, லிஸ்ட்ல பேர் போடுவாங்களாம்" என்றாள். "எனக்கு உக்காந்து பாக்க நேரமே இல்ல. எந்த நாட்டுல எவ்ளோன்னு நீங்க பாத்துக் குடுக்குறீங்களா?"

"உன்னால் எவ்வளவு இயலும்?" என்று கேட்டேன்.

"பத்து மாசச் சம்பளம். அதுக்கு மேல ஒரு ரூவா கூட கையில இல்ல மாமா."

அந்த விடை எனக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. பவுண்டும் யூரோவும் ரிங்கிட்டும் நாளுக்கொரு மதிப்புக் காட்டின. எல்லாவற்றையும் உரூபாய்க்கு மாற்றி, உரூபாயை அவளுடைய மாத ஊதியமாக மாற்றி எழுதினால் ஒரே பார்வையில் விளங்கும் என்று எண்ணினேன்.

எண்ணுவது எளிதாக இருந்தது. என் வலக்கண்ணில் புரை நீக்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இடக்கண் இன்னும் மங்கல்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கமும் சிரித்த முகங்களுடன் திறக்கும். கட்டணம் எங்கே என்று தேடினால் சிரிப்பு மறைந்துவிடும். இங்கிலாந்தில் படிப்பு முழுமைக்கும் ஒரே தொகை சொன்னார்கள். அது அவளுடைய மூன்றாண்டு ஊதியத்தைத் தாண்டியது. செருமனியில் மாதக் கணக்கு. ஆத்திரேலியாவில் பாடக் கணக்கு, எத்தனை பாடம் என்பதை வேறொரு பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டில் தேர்வுக்கூடத்துக்குத் தனிக் கட்டணம். இன்னொரு நாட்டில் நூல்களை அனுப்புவதற்குத் தனி. பட்டமளிப்பு விழாவுக்கு வராதவரும் விழாக் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும் என்று மற்றொன்றில் ஒரு மூலையில் சிறு எழுத்தில் போட்டிருந்தது. நம் நாட்டின் அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் அதன் சேர்க்கை சூலையில்தான் தொடங்கும். சூன் இறுதிக்குள் அதனிடமிருந்து சான்று பெற வழியில்லை.

விவரம் கேட்க என் எண்ணைக் கொடுத்தது பெரும் பிழை. நாள் முழுதும் அழைப்புகள்.

"சார், எம்.பி.ஏ. என்கொயரி போட்டிருந்தீங்க. கேண்டிடேட் நீங்கதானே சார்?"

"இல்லை அம்மா. என் அகவை எழுபத்து மூன்று."

"ஏஜ் லிமிட்டே கெடையாது சார்!"

சமையற்கட்டிலிருந்து என் துணைவி குரல் கொடுத்தாள். "சேந்துடுங்க. முடிச்சிட்டு வேலைக்குப் போனா வீட்டுக்கு ரெண்டு சம்பளம் ஆச்சு."

இறுதியில் இரண்டு பெயர்கள் எஞ்சின. ஒன்று நம் நாட்டுத் தனியார் பல்கலைக்கழகம். எல்லாம் சேர்த்து ஒன்பது மாத ஊதியம். மற்றொன்று மலேசியாவில் இருப்பது. அதற்கு நம் நகரிலேயே முகவர் ஒருவர் உண்டு என்று அறிந்து, நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று புறப்பட்டேன்.

அன்று முகூர்த்த நாள். மூன்று சக்கரப் பகிர்வுத் தானியில் என்னோடு ஏறிய எழுவரும் பட்டு எடுக்கப் போகிறவர்கள். பேருந்து நிலையத்துக்கு அருகில், சேலைக் கடை ஒன்றின் மேல்மாடியில் முகவரின் அலுவலகம். நாற்பது அகவை மதிக்கத்தக்கவர், பணிவானவர், குளிர்ந்த நீர் கொடுத்தார்.

"மொத்தமா கட்டத் தேவையில்ல சார். டிரைமெஸ்டர் டிரைமெஸ்டரா கட்டிக்கலாம். ரெண்டு வருசக் கோர்ஸ்" என்று சொல்லி ஒரு தொகையைத் தாளில் எழுதினார். அது ஏறத்தாழ அவளுடைய இரண்டு மாத ஊதியம்.

டிரைமெஸ்டர் என்று அவர் சொன்ன சொல்லை நான் கேட்டேன். செவியில் குறையொன்றும் இல்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் பின்னால் நடந்தவற்றுக்கு முகவர் பொறுப்பல்லர்.

வீடு திரும்பும்போது பிற்பகல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அட்டவணையை விரித்து மலேசியா என்ற வரிசையில் ஐந்தாம் பத்திக்கு வந்தேன். அதன் தலைப்பு, பருவக் கட்டணம். என் கல்லூரியில் அறிவிப்புப் பலகையில் இருந்த 'செமஸ்டர்' என்ற சொல்லை நீக்கி அவ்விடத்தில் 'பருவம்' என்று எழுதவைத்தவன் நான். அதற்காக மூன்று முதல்வர்களோடு வாதிட்டிருக்கிறேன். அந்தச் சொல் என் கைக்கு அத்தனை பழகியது. ஆண்டை மூன்றாகப் பகுத்தால் அது முப்பருவம் என்பதும் எனக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்தப் பிற்பகலில் பத்தி குறுகலாக இருந்தது, கண் எரிந்தது, தலைப்பில் பருவம் என்று ஏற்கெனவே இருந்தது. கட்டத்துக்குள் தொகையை மட்டும் எழுதினேன். படுத்து உறங்கிவிட்டேன்.

அன்று மாலை அவள் ஒரு கையால் உண்டுகொண்டே மறு கையால் அட்டவணையைப் பிடித்துப் படித்தாள்.

"பருவம்னா செமஸ்டர்தான மாமா?"

"ஆம். செமஸ்டர் என்று நீங்கள் சொல்வதற்குத் தமிழ் அதுதான்."

"அப்ப ரெண்டு வருசத்துக்கு நாலு. நாலு ரெண்டு எட்டு." விரலில் இருந்த சோற்றை மறந்து நிமிர்ந்தாள். "எட்டு மாசச் சம்பளம்தான் வருது! நம்ம ஊர் யுனிவர்சிட்டியே ஒம்போது கேக்குது. ஃபாரின் டிகிரி அத விடக் கம்மியா மாமா?"

"கணக்கு அப்படித்தான் வருகிறது" என்றேன். இரண்டு வாரக் களைப்புக்குப் பின் அந்த முகத்தைப் பார்ப்பது இன்பமாக இருந்தது. அவள் சரிபார்க்கவில்லை. நான் எழுதியதை அவள் சரிபார்த்ததே இல்லை. வீட்டு வரி, மின் கட்டணம், மகனுடைய காப்பீட்டுப் படிவம், எதுவாயினும் நான் எழுதிக் கொடுத்தால் அதன் கீழே கையொப்பமிடுவாள்.

மறுநாளே ஒரு வார ஊதியத்தைப் பதிவுக் கட்டணமாகச் செலுத்தினாள். சேர்க்கைக் கடிதம் வந்தது. முதற்பருவக் கட்டணத்தை மாத இறுதிக்குள் செலுத்தினால் போதும் என்றார்கள். தொழிற்சாலையில் கடிதத்தைக் காட்டினாள். மேலாளர் கை குலுக்கினாராம். நம் நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து இருமுறை அழைத்தார்கள், வெள்ளிக்கிழமையோடு சேர்க்கை முடிகிறது என்று. வேண்டா என்று நானே சொன்னேன்.

அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். ஞாயிறு காலை என் துணைவி பால் எடுக்கப் போனவள், கதவைத் திறக்காமல் நின்று அதைப் படிக்கத் தொடங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் வராது. தமிழில் எழுதியிருந்ததால் படித்தாள்.

அவள் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். நகரில் அவள் தம்பி வீட்டில் இன்றும் நான்கு தறிகள் ஓடுகின்றன. கூலி பேச வேண்டிய நாள்களில் தமக்கையை அழைத்துப் போவார்கள், அவள் பேச்சு பிசகாது என்பதால். தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டிழைத் தொகுதிக்குப் பாவு என்று பெயர். எங்கள் ஊரில் ஒரு பாவில் மூன்று சேலை நெய்வது வழக்கம். ஆகவே யார் என்ன தொகை சொன்னாலும் அங்கே முதற்கேள்வி ஒன்றுதான்.

"இன்னாங்க, இங்க வாங்க" என்று அழைத்தாள். "இந்தப் பருவம்னு போட்டுக்கினு இருக்கீங்களே, இது பாவுக்கா சேலைக்கா?"

"இது படிப்பு. நெசவன்று."

"அது தெரியிது. வருசம்தான் பாவுன்னு வச்சிக்குங்க. ஒரு பாவுல எத்தினி சேலை அறுக்குறான்? நம்ம ஊருக்காரனும் மலேசியாக்காரனும் ஒரே மாதிரி அறுக்குறானா?"

டிரைமெஸ்டர் என்ற சொல் முகவரின் குரலிலேயே செவியில் கேட்டது. மருமகள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்தாள். ஞாயிறு ஒன்றுதான் அவளுக்கு எண்ணெய் வைக்கும் நாள். சீப்பு பாதியில் நின்றது.

"மாமா? வருசத்துக்கு ரெண்டுதான?"

"மூன்று" என்றேன்.

"எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்றாள் மெல்ல. நான் தவறாகச் சொல்கிறேன் என்று நம்ப விரும்பினாள்.

முகவர் ஞாயிறன்றும் கைப்பேசியை எடுத்தார். "ஆமா சார், வருசத்துக்கு மூணு டிரைமெஸ்டர். மொத்தம் ஆறு. அன்னைக்கே சொன்னேனே சார்!"

ஆறு இரண்டு பன்னிரண்டு. அவள் வாய்விட்டுப் பெருக்கவில்லை. விரல்கள் மட்டும் அசைந்தன. பத்துக்கு மேல் ஓர் உரூபாயும் இல்லை என்று சொன்னவள். கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, "குறைக்க முடியுமாங்க?" என்று கேட்டாள். தவணை முறை உண்டு, வட்டி சேரும் என்றார் அவர். முடிக்க வழியில்லாத படிப்புக்கு முதற்பருவம் மட்டும் கட்டிச் சான்று காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேங்க" என்று வைத்துவிட்டு, நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். சேர்க்கை முடிந்தது என்ற சிவப்பு எழுத்து, கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அப்போது என் துணைவிதான் பேசினாள். மருமகள் பேச முடியாதவற்றையெல்லாம் அவளே பேசினாள் என்று இப்போது தோன்றுகிறது.

"நாப்பது வருசம் பாடம் நடத்தி இன்னா பிரயோஜனம்? எங்க தம்பி வீட்டுல தார்ல நூல் சுத்துற பொம்பளை கூட மொதல்ல இதத்தான் கேப்பா. தமிழ்ப்படுத்துறேன் தமிழ்ப்படுத்துறேன்னு மூணயும் ரெண்டயும் ஒண்ணாக்கி வச்சிருக்கீங்க!"

"அத்தை, விடுங்க. மாமா கண்ணு வலியோட எழுதுனாரு."

"கண்ணு வலின்னா தூங்கணும். எழுதக் கூடாது."

நான் மருமகளைப் பார்த்துச் சொன்னேன். "அவர் டிரைமெஸ்டர் என்றுதான் சொன்னார். நான் கேட்டேன். கேட்டும் எழுதவில்லை. நீ பருவமென்றால் செமஸ்டரா என்று வினவியபோதும் ஆமென்றேன்."

அவள் சிறிது நேரம் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல மாமா" என்றாள். எழுந்து போய்த் தலைக்குக் குளித்தாள். வெகுநேரம் தண்ணீர் ஓடும் ஒலி கேட்டது.

திங்களன்று அவள் மேலாளரிடம் கேட்டிருக்கிறாள். சூலையில் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சான்று தந்தால் ஏற்பார்களா என்று. மாலை வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள்.

"ஜூனோட லிஸ்ட் குளோஸாம் மாமா. அடுத்தது அடுத்த வருசந்தானாம்."

"யாரைப் போடுகிறார்கள்?"

"எனக்கு அப்புறம் சேந்தவரு. நான்தான் அவருக்கு வேலை சொல்லிக் குடுத்தேன்." பிறகு, எனக்காகவே போலும், ஒரு சிரிப்பை வரவழைத்தாள். "நல்ல மாதிரிதான். இனிமே அவருக்கு நான் சார்னு சொல்லணும், அவ்ளோதான்."

பதிவுக் கட்டணம் திரும்பி வரவில்லை. அதை என் ஓய்வூதியத்திலிருந்து கொடுக்க முயன்றேன். "அதெல்லாம் எதுக்கு மாமா" என்று மறுத்துவிட்டாள். அவள் உரத்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் சற்று இளைப்பாறியிருப்பேன் என நினைக்கிறேன். உணவு பரிமாறினாள்; கண்ணுக்கு மருந்து விட்டாயிற்றா என்று கேட்டாள்; ஐந்தரைக்குப் பேருந்தேறிப் போனாள்.

பழைய அட்டவணை ஆவணி வரை கதவிலேயே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. துணைவி பால் எடுக்கும் ஒவ்வொரு காலையும் அதைத் தாண்டியே கையை உள்ளே விட்டாள். ஒருநாள் ஈரம் பட்டு மூலை சுருண்டு அதுவே விழுந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு மருமகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, சனவரி பேட்ச்சுக்கு அப்ளிகேசன் வருது. அடுத்த வருச லிஸ்டுக்கு இப்பவே சேந்துட்டா டென்சன் இல்ல. திரும்ப ஒரு லிஸ்ட் போட்டுக் குடுக்குறீங்களா?"

சனவரி என்று அவள் சொன்னது என் பொருட்டா, நாப்பழக்கமா என்று தெரியவில்லை. இவள் என்னிடமே மீண்டும் கேட்கிறாளே என்று நெஞ்சு ஒருகணம் நிமிர்ந்தது. "ஆனா செமஸ்டர்னா செமஸ்டர்னே எழுதுங்க மாமா. டிரைமெஸ்டர்னா அதையே எழுதுங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

எழுதினேன். அதே நாடுகள், அதே சிரித்த முகங்கள். சில தொகைகள் ஏறியிருந்தன, எதுவும் இறங்கவில்லை. இம்முறை எட்டுப் பத்திகள். எட்டாவதன் தலைப்பு, ஆண்டுக்கு எத்தனை முறை. அயற்சொற்களை என் கையால் எழுதும்போது 'ஸ்' போன்ற வடவெழுத்துக்குக் கை வளையவில்லை. பழகிய வழியில் எழுதிக் கொடுத்தேன்.

மருமகள் முதல் வரியைப் படித்துவிட்டுத் தாளை அருகே கொண்டுபோனாள். "இன்னா மாமா இது, செமசுடர்? வெளக்கா?"

"செம சுடரு! அந்த வெளக்கு போன தடவையே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் துணைவி.

மூவரும் சிரித்தோம். சூனுக்குப் பின் அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

சிரிப்பு அடங்கியதும் மருமகள் பென்சில் ஒன்றை எடுத்து வந்தாள். கைப்பேசியில் முதல் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து, என் தாளின் அருகே வைத்தாள். தொகையைப் பார்த்தாள், என் எழுத்தைப் பார்த்தாள், ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைத் தேடிக் கண்டுபிடித்தாள். சரியாக இருந்தது. ஓரத்தில் சிறிதாக ஒரு குறி போட்டாள். பிறகு இரண்டாவது பக்கத்தைத் திறந்தாள்.

அவள் முகத்தில் கடுமையேதும் இல்லை. நான் எழுந்து போய்விடலாமா என்று எண்ணினேன். போனால் அது வேறு பொருள் தரும். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் அமர்ந்தேன்.

"நீங்க படிங்க மாமா, நான் பாத்துக்கினே வரேன்" என்றாள்.

மலேசியா, டிரைமெசுடர், ஆண்டுக்கு மூன்று, என்று படித்தேன். அவள் நெடுநேரம் திரையைப் பார்த்திருந்துவிட்டுக் குறி போட்டாள்.

"ம். அடுத்தது."